தூணுக்கு நேரே ஒரு கால்

வானின் கூரைத் தகடு ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லை. பெருவிரலால் அழுத்தினால் குழியும்; விட்டால் டொப்பென்று எழும்பும். அந்தத் தகட்டுக்கு மேலேதான் மன்னார்க் கரையோரத்துக் குடும்பங்கள் தங்கள் அடுப்படியையே ஏற்றிக்கொண்டு மடு மாதா கோவிலுக்குப் போகின்றன. கிடாரம், தாச்சி, பாய்ச்சுருள், தண்ணீர்க் கான், கூடாரத்துத் தறப்பாள், அதை நிறுத்தும் தடிகள், சில வேளை பிள்ளையின் சைக்கிள். திருநாள் முடிந்து திரும்பிவந்து எல்லாவற்றையும் இறக்கிய பிறகு பார்த்தால் கூரையில் ஒரு குழி இராது. இதைச் சாத்தியமாக்குவது வீட்டுக்காரரும் அவருடைய மச்சானும் ஒட்டுக்கடைக்காரரும் கூடிச் செய்த ஓர் இரும்புக் கரியர். அதற்கு ஒரு பெயரில்லை, செய்தவர் கையொப்பமும் இல்லை. ஆனாலும் நின்று பார்க்க வேண்டிய வேலை அது.

நான் சொல்வது பேசாலைப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம் ஒன்றின் ஹையேஸ் வானில் இருக்கும் கரியரை. இலங்கை முழுவதும் ‘டொல்பின்’ என்று அழைக்கப்படும், தொண்ணூறுகளின் உருண்ட முகத்து வான். அந்தக் காலத்து வான்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கூரையின் இரு விளிம்பிலும் நீளத்துக்கு ஒரு பீலி ஓடும். மழைநீர் கதவுக்குள் வழியாமல் முன்னும் பின்னும் கொண்டுபோய் விடுவதற்காக வைத்த பீலி அது. யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40 கார்களுக்கும் அது இருந்தது. மொறிஸ் மைனருக்கும் இருந்தது. இன்றைய கார்களில் அதைத் தேடிப்பிடிக்க வேண்டும். பக்கத்தகடும் கூரைத்தகடும் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து ஒட்டப்படும் இடம் என்பதால், மெல்லிய அந்தக் கூரையில் உறுதியான இடம் இந்தப் பீலி ஒன்றுதான். கரியரின் பாரம் முழுவதும் பீலியில் இறங்க வேண்டும். தகட்டை அது தொடவே கூடாது. நல்ல கரியருக்கு முதல் இலக்கணம் இது.

இந்த வானில் பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால்கள். ஒவ்வொரு காலும் மூன்றங்குல அகலப் பட்டை இரும்பு. அதன் அடிநுனி மடிந்து பீலிக்குள் உட்கார்கிறது. வெளிப்பக்கத்திலிருந்து வேறொரு சிறு தகடு பீலியின் உதட்டுக்குக் கீழே கொக்கியாகப் பிடிக்கிறது. இரண்டையும் ஒரு போல்ட் நெருக்குகிறது. இரும்பு இரும்பைத் தொடும் இடமெல்லாம் பழைய சைக்கிள் ரியூப்பின் துண்டுகள். அவற்றையும் ஏனோதானோ என்று செருகவில்லை. காலின் அளவுக்குக் கத்தரித்து, ஓரம் வெளியே துருத்தாமல் வைத்திருக்கிறார்கள். ரப்பர் இல்லாமல் நெருக்கினால் பீலியின் பெயின்ற் உரியும். உரிந்த இடத்தில் உப்புக்காற்று குந்தும். பீலி உக்கினால் அடுத்த மாரிக்கு மழை வானுக்குள்ளேதான். அதனால்தான் மடிப்பு பீலியை முழுவதுமாக அடைக்கவும் இல்லை. ஒரு தீக்குச்சி போகும் அளவுக்கு அடியில் நீரோட வழி விட்டிருக்கிறது. பாரம் தாங்க வந்த கால், பீலியின் பழைய வேலையைக் கெடுக்காமல் ஒதுங்கி நிற்கிறது.

இனி, அந்தக் கால்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். சமமாக இல்லை. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் ஓர் அளவு, மூன்றாவதுக்கு வேறோர் அளவு. முதலில் பார்ப்பவருக்கு இது கைப்பிசகாகத் தோன்றும். பக்கவாட்டில் நின்று, ஒவ்வொரு காலிலிருந்தும் கண்ணைக் கீழே இறக்கினால் விளங்கிவிடும். கால் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே கதவுத் தூண் நிற்கிறது. சாரதிக் கதவுக்கு முன் ஒன்று, பின் ஒன்று, இழுவைக் கதவு முடியும் இடத்தில் ஒன்று, பின்மூலையில் ஒன்று என்று ஒவ்வொரு காலுக்கும் ஒரு தூண். கிடாரத்தின் பாரம் பீலிக்கு வந்து, பீலியிலிருந்து தூணுக்கு இறங்கி, தூண் வழியே அடித்தளத்துக்குப் போகிறது. ஜன்னலுக்கு மேலே, தூணில்லாத வெற்றிடத்தில் ஒரு காலும் இல்லை.

வீட்டுக்காரர் முதலில் சம இடைவெளிதான் கேட்டாராம். ஒட்டுக்கடைக்காரர் சோக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதை அவர் அப்படியே சொல்லிக் காட்டினார்: “தம்பி, சமனா வைச்சா கண்ணுக்கு வடிவு. தூணுக்கு நேர வைச்சா வானுக்கு வடிவு. எது வேணும்?” “வானுக்கு வடிவாவே வையுங்க அண்ணன்” என்றிருக்கிறார் இவர். இந்த இரண்டு வரிக்குள் ஒரு கட்டடக்கலைப் பாடமே இருக்கிறது.

கால்களுக்கு மேலே சுற்றுச்சட்டம், முக்கால் அங்குல ஜீஐ குழாய். அதன் முன்மூலைகள் இரண்டும் வெட்டி ஒட்டியவை அல்ல, வளைத்தவை. குழாயை வெறுமனே வளைத்தால் உள்வளைவு நசுங்கிவிடும். உலர்ந்த மணலைக் குழாய்க்குள் கொட்டி, தட்டித் தட்டி இறுக்கி, இரண்டு வாயையும் மரக்கட்டையால் அடைத்து, வளைய வேண்டிய இடத்தைச் சிவக்கக் காய்ச்சி வளைப்பது பழைய முறை. மணல் உள்ளே நிற்பதால் குழாய் தன் வட்டத்தை விடாது. மன்னாரில் மணலுக்குக் குறைவில்லை. ஆனால் துளி ஈரம் இருந்தாலும் சூட்டில் ஆவியாகி அடைப்பைப் பிய்த்தெறியும். ஆகவே மணலை நல்ல வெயிலில் பரப்பிக் காயவைத்த பிறகே குழாயில் நிறைக்க வேண்டும். இந்த வளைவில் விரலை ஓட்டிப் பார்த்தேன். உள்பக்கத்தில் ஒரு சுருக்கமும் தட்டுப்படவில்லை. மடுக் காட்டுக்குள் நுழையும்போது வீதிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாலைக் கிளையும் வீரைக் கிளையும் இந்த உருண்ட மூலையில் பட்டுச் சறுக்கிப் போய்விடும். வெட்டி ஒட்டிய கூர்மூலை என்றால் அது கிளையையும் பிடிக்கும், தறப்பாளையும் கிழிக்கும்.

குறுக்குக் குழாய்கள் சட்டத்தோடு சேரும் இடம் அடுத்து. வட்டமான குழாயின் பக்கத்தில் இன்னொரு வட்டக் குழாயின் வாய் பொருந்த வேண்டுமானால் அந்த வாயைப் பிறையாகக் குடைய வேண்டும். அவசரக்காரர்கள் முனையைச் சுத்தியலால் சப்பையாக்கி, மேலே ஒட்டைக் குவித்து இடைவெளியை மூடிவிடுவார்கள். இங்கே ஹக்சோவால் வெட்டி, அரைவட்ட அரத்தால் ராவி, சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவியிருக்கிறார்கள். அதன் பலன் ஒட்டில் தெரிகிறது. சோற்றுப்பருக்கை அளவுத் தடிப்பில், ஒரே சீராக, மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய வரி, அவ்வளவுதான். பொருத்தம் சரியாக இருந்தால் ஒட்டு குறைவாகவே போதும்.

ஜீஐ குழாயை ஒட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. குழாயைத் துருவிலிருந்து காப்பது மேலே பூசிய துத்தநாகம். அது 907 பாகை செல்சியசில் கொதித்துப் புகையாகிவிடும். இரும்பு உருகுவதோ 1500 பாகைக்குக் கிட்ட. ஒட்டு விழுவதற்கு முன்பே காப்பு போய்விடுகிறது. மிக வலுவாக இருக்க வேண்டிய மூட்டே துருவுக்கு முதல் இரையாகும். இந்தக் கரியரைச் செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. ஒட்டுமுன் மூட்டைச் சுற்றித் துத்தநாகத்தைக் கிரைண்டரால் சுரண்டியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒட்டு கொப்பளிக்காது, புகையும் குறையும். ஒட்டி முடிந்ததும் ஒவ்வொரு மூட்டுக்கும் காய்ச்சிய ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு கை அன்டிகொரசிவ், அதன் மேலேதான் நிறம். நிறம் கடல் நீலம். படகுக்கு அடித்து மிஞ்சியதாம். வெள்ளை வானுக்கு மேலே அது வெகு எடுப்பாக இருக்கிறது.

ஒவ்வொரு குறுக்குக் குழாயின் அடியிலும் ஒரு சிறு துளை இருப்பதை நிலத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் காணலாம். பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறிமாறி வர, மூடிய குழாய்க்குள்ளும் எப்படியோ ஈரம் சேர்ந்துவிடும். வழி விடாவிட்டால் குழாய் உள்ளிருந்தே உக்கி, ஒரு நாள் முறியும் வரை வெளியே தெரியாது. துளையைக் கீழ்ப்பக்கத்தில், சற்றுப் பின்னால் பார்க்கத் துளைத்திருக்கிறார்கள். ஓடும்போது எதிர்மழை அதற்குள் ஏறாது.

இனிக் காற்று. மன்னாரில் எதைச் செய்தாலும் காற்றைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம். மார்கழி, தையில் வாடை. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாற்று வலுவுள்ள தம்பபவனி மின்நிலையத்தை 2020 டிசம்பரில் திறந்தார்கள் என்றால், அது இந்தக் காற்றை நம்பித்தான். தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் தாம்போதி ஏறக்குறைய 3 கிலோமீற்றர். இரண்டு பக்கமும் ஆழங்குறைந்த கடல், மறைப்புக்கு ஒரு பனைகூட இல்லை. 1990இல் தகர்ந்த பாலத்துக்குப் பதிலாக 2010இல் திறந்த புதுப் பாலத்திலும் தாம்போதியிலும் சோளகம் வானைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே வரும். மடுவின் ஆவணித் திருவிழா விழுவதோ சோளகத்தின் நடுவில்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 40இல் போகும் வான் 80ஐத் தொட்டால் கரியர் படும் அடி நான்கு மடங்கு. அதனால் முன்பக்கத்துச் சட்டத்தைப் பின்பக்கத்தைவிடத் தாழ்த்தி, பின்னோக்கிச் சற்றே சாய்த்திருக்கிறார்கள். ஆனால் என்னை நெடுநேரம் நிற்கவைத்தது இன்னொன்று. முன்பக்கக் குறுக்குக் குழாயில் முனைக்கு முனை தும்புக்கயிறு சுற்றியிருக்கிறது. நெருக்கமாக இல்லை, சாண் இடைவெளி விட்டு, ஏறுமுகமான திருகாக. அழகுக்குச் சுற்றியது என்று நினைத்தேன். “இல்லாட்டி விசிலடிக்கும்” என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. காற்று வட்டமான குழாயைக் கடக்கும்போது மேலும் கீழும் மாறிமாறிச் சுழல்கள் கழன்று போகும். குழாயின் நீளம் முழுவதும் அவை ஒரே தாளத்தில் கழன்றால் குழாய் பாடும். திருகாகச் சுற்றிய கயிறு அந்தத் தாளத்தைக் குலைக்கிறது. சுழல்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக, வெவ்வேறு நேரத்தில் கழல்கின்றன. ஒலி எழ இடமில்லை. 1950களில் பிரித்தானியப் பொறியியலாளர் ஸ்குருட்டன் ஆராய்ந்து வகுத்த முறையும் இதுவே. உலகெங்கும் உயரமான இரும்புப் புகைபோக்கிகளின் உச்சியில் படிக்கட்டைப் போல் சுற்றி ஏறும் தகட்டு விளிம்புகளைக் காணலாம். அவை காற்றில் புகைபோக்கி ஆடாமல் இருப்பதற்கானவை. பேசாலையில் அதே வேலையை ஒரு தும்புக்கயிறு செய்கிறது. காற்றில் கிடந்து இரையும் கயிற்றையும் கம்பத்தையும் நாளும் கேட்டவர்களுக்கு, எங்கே சுற்றினால் ஒலி அடங்கும் என்பது கைப்பழக்கம். அந்தக் கயிற்றில் பொருளும் வழுக்காது. ஒரே சுற்றில் இரண்டு பயன்.

பின்பக்கம் போனால் கரியர் கூரை முடியுமுன்பே நின்றுவிடுகிறது. ஒரு முழ இடம் வீணாகக் கிடப்பதுபோல் தெரியும். டொல்பினின் பின்கதவு மேல்நோக்கித் திறப்பது. கரியர் விளிம்பு வரை நீண்டிருந்தால் கதவு பாதியில் முட்டிக்கொள்ளும். ஏணியும் கதவோடு மட்டும் பொருத்தப்பட்டிருக்கிறது; கரியரோடு அதற்கு ஒட்டு உறவில்லை. கதவு மூடியிருக்கும்போது ஏணியின் உச்சியும் கரியரின் விளிம்பும் நேராக வந்து நிற்கும். திறந்தால் ஏணி கதவோடு எழுந்து போகும். ஏணியின் ஒவ்வொரு படியிலும் பழைய ரயரின் ஒரு துண்டு. அதன் பொழிவுகள் மேல்நோக்கி இருப்பதால் ஈரக் காலும் வழுக்காது.

கரியருக்கும் கூரையின் நடுமேட்டுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி. வெறுமையாக நிற்கும்போது அந்த இடைவெளி இருப்பது பெரிதல்ல. பாரத்தில் குழாய் தொய்யும்போதும் இருக்க வேண்டும். செய்து முடித்த அன்று மச்சானை நடுவில் உட்காரவைத்து, கீழே விரல் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு விரல் போயிருக்கிறது. அதன் பிறகே கடைசிக் கை பெயின்ற்.

இவ்வளவு கவனம் எதற்காக என்பது மடுவுக்குப் பொதி ஏற்றும் நாளில் தெரியும். மன்னார்க் கத்தோலிக்கருக்கு மடுவுக்குப் போவது போய்த் தலைகாட்டி வருவதன்று, அங்கே போய்க் குடியிருப்பது. 1670இல் மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைக் காட்டுக்குள் கொண்டுபோய்க் காத்தவை இருபது குடும்பங்கள் என்பது வழிவழிச் செய்தி. கொடியேறிய நாள்தொட்டு ஓகஸ்ட் 15 வரை மரநிழலில் கூடாரமடித்து, சமைத்து, செபித்துக் கிடக்கிறவர்கள் இன்றும் அந்தக் குடும்பங்களைப் போலவே வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். முன்பு மாட்டுவண்டி, பிறகு லொறி, இப்போது வான்.

அடுக்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. அரிசிச் சாக்கும் தண்ணீர்க் கானும் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவில், அடித்தட்டில். 20 லீற்றர்க் கான் ஒன்று 20 கிலோ. அதைப் பின்னோரத்தில் வைத்தால் வளைவில் வால் ஆடும். கிடாரம் கவிழ்த்து, அதற்குள் சின்னச் சட்டிகள், சட்டிகளுக்கு இடையே பழந்துணி. பாயும் தலையணையும் உச்சியில். தறப்பாள் இரண்டு துண்டென்றால் பின்துண்டை முதலில் விரித்து, முன்துண்டை அதன்மேல் ஏற்றிப் படியவிட வேண்டும். கிடுகு வேய்கிற அதே கணக்கு: நீர் வரும் பக்கத்து ஓலை மேலே. முன்னோரம் பொதிக்கு அடியில் மடிந்து போனால் காற்று நுழைய வாய் கிடைக்காது. கட்டுவதற்குச் சட்டத்தின் அடியில் விரல்நீளக் கம்பிக் கொழுவிகள் இருக்கின்றன. அவற்றின் நுனியை உருட்டி ராவியிருப்பதால் கயிறு அறுபடாது. வலையோடு பிறந்து வளர்ந்த கைகள் முடியும் முடிச்சு எப்பேர்ப்பட்ட தாம்போதிக் காற்றிலும் இளகாது. இறக்கும்போது ஓர் இழுப்பில் அவிழ்ந்துவிடும்.

இதே கரியர் மடுவுக்கு மட்டும் உழைப்பதில்லை. ரெஜிபோம் பெட்டியும் நண்டுவலைச் சுருளும் ஏறும். கலியாண வீட்டுக்குக் கதிரை ஏறும். 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல இன்றும் புத்தளத்தில் ஒரு வீடும் மன்னாரில் ஒரு வீடுமாக வாழ்கின்றன. அவர்களுடைய வான்களின் தலையில் மெத்தையும் அலுமாரிக் கதவும் போய்வருவதைக் காணலாம். எடுத்துச் செல்ல முடியாமல் விட்டுப்போன அனுபவம் உள்ள ஊருக்கு, பத்திரமாகக் கட்டி எடுத்துப்போக ஓர் இடம் கிடைப்பது சின்னக் காரியமல்ல.

கரியர் செய்வதில் உலகப் பெயர் பெற்ற சுவீடன் நாட்டுத் தூலே, 1942இல் தன் பெயரை முதன்முதலில் பொறித்தது மீன் பிடிக்கும் பொறி ஒன்றில்தான். மீனவர்களுக்காகச் செய்த பொறி. கூரைக் கரியர் அறுபதுகளில் வந்தது. அதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இல்லை. மீன்கூடு பின்னுகிறவருக்குத் தெரிந்ததெல்லாம் கரியருக்கும் வேண்டும்: குறைந்த கம்பி, நிறைந்த உறுதி, நீரும் காற்றும் ஊடுபோக வழி.

குறைந்த கம்பி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கார்களின் கூரைக்குக் கம்பனி விதிக்கும் எல்லை 50 முதல் 100 கிலோ. வானுக்கு அதைவிடக் கூடும் என்றாலும் எல்லை எல்லைதான். கரியரின் சொந்த எடையும் அந்தக் கணக்குக்குள்தான் வரும். முக்கால் அங்குலக் குழாய் மீற்றருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ஆசைக்கு நாலு குழாய் கூடப் போட்டால் ஓர் அரிசிச் சாக்கின் இடத்தை இரும்பே தின்றுவிடும். இந்தக் கரியரில் சுற்றுச்சட்டம் மட்டும் முக்கால் அங்குலம். தட்டு அரை அங்குலக் குழாய். பக்கச்சட்டத்தின் உயரம் ஒரு சாண். ஏன் இவ்வளவு பதிவு என்று கேட்டேன். “உயர்த்தினா நிரப்பச் சொல்லும்” என்றார் வீட்டுக்காரர். பாரம் உயர உயர வான் வளைவில் கவிழப் பார்க்கும் என்று பாடப்புத்தகம் சொல்வதை, ஏற்றவே முடியாதபடி சட்டத்தைப் பதித்து அவர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் உள்ளே இருக்கும் வாகனம் அது.

மன்னாரில் இன்னும் எத்தனையோ வான்களுக்கு இப்படிக் கரியர் செய்ய வேண்டியிருக்கும். செய்ய நினைப்பவர் இரும்புக்கடைக்குப் போகுமுன் தன் வானுக்குப் பக்கத்தில் நின்று தூண்களை எண்ணட்டும். பீலியில் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கட்டும். பின்கதவைத் திறந்து அது எதுவரை எழும்புகிறது என்று சோக்கால் குறிக்கட்டும். கண்ணுக்கு வடிவா, வானுக்கு வடிவா என்ற கேள்விக்குச் சரியான விடையைச் சொல்லிச் செய்த கரியர், இந்தப் பேசாலைக் கரியரைப் போல, நாளடைவில் கண்ணுக்கும் வடிவாகிவிடும்.